‘கால் இட் எ டே’ என்றால் போன் வராது: ஆங்கில மரபுத்தொடர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் நான் எடுக்கும் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் ஒரு பக்கம். ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, அங்கே பேசுகிற ஆங்கிலம் பாதி புரியாமல் தவிக்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். இலக்கணத்தில் யாரும் மோசமில்லை. மாட்டிக்கொள்வதெல்லாம் மரபுத்தொடரில்தான்.

கிடங்கில் வேலை செய்யும் ஒரு பையன். சரக்கை எண்ணி முடித்ததும் மேலாளர் ‘ஓகே, லெட்ஸ் கால் இட் எ டே’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். ‘கால்’ என்ற சொல் காதில் விழுந்ததும், யாரோ போன் பண்ணப் போகிறார்கள் என்று இவன் மட்டும் அங்கேயே நின்றிருக்கிறான். காவலாளி வந்து விளக்கை அணைத்தபோதுதான் சங்கதி தெரிந்தது. ‘இன்றைக்கு இவ்வளவு போதும், கிளம்பலாம்’ என்பதுதான் அதற்குப் பொருள்.

தமிழ்ப்பள்ளியில் மொழியணிப் பாடத்தில் மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி என்று வரிசையாக மனப்பாடம் செய்தோம். ‘கம்பி நீட்டுதல்’ என்றால் ஓடிவிடுதல், ‘கடுக்காய் கொடுத்தல்’ என்றால் ஏமாற்றுதல். அது பலித்ததற்குக் காரணம், வீட்டிலும் கடைத்தெருவிலும் அதே தொடர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்ததுதான். ஆங்கிலத்துக்கு அந்தக் காது நம் ஊரில் வாய்க்கவில்லை. அதனால் ‘நூறு மரபுத்தொடர்களும் பொருளும்’ மாதிரிப் பட்டியலை வாங்கி உருப்போட்டால் தேர்வு முடிந்த மறுநாளே எல்லாம் காற்றோடு போய்விடும். நான் சொல்லும் முறை வேறு: நூறு தொடர் காதுக்குத் தெரிந்திருக்கட்டும், வாய்க்குப் பத்து போதும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் பாருங்கள்.

படி 1: சம்பந்தமில்லாத சொல் வந்தால் உஷாராகுங்கள்

பேச்சு லாரியைப் பற்றிப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் திடீரென்று பனிக்கட்டி, கயிறு, பூனை, பந்து என்று ஏதாவது நுழையும். அதுதான் அடையாளம். அந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கத் தொடங்கினால் தொலைந்தீர்கள். சொல்லை விட்டுவிட்டு நிலவரத்தைப் பாருங்கள். நேரம் என்ன, வேலை முடிந்ததா, பேசுகிறவர் சிரிக்கிறாரா, எரிச்சலில் இருக்கிறாரா. பாதிப் பொருள் அங்கேயே கிடைத்துவிடும்.

நேர்முகத் தேர்வுக்குப் போன ஒரு பெண்ணிடம் எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் தயங்கவும், ‘ஜஸ்ட் கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்’ என்றாராம் எதிரே இருந்தவர். பந்து விளையாடும் பூங்காவுக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இவள் விழித்திருக்கிறாள். பால்பார்க் என்பது அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் திடல். பால்பார்க் ஃபிகர் என்றால் ‘குத்துமதிப்பாக ஒரு தொகை’. கேள்வி சம்பளம், தயங்கியதும் திரும்பக் கேட்கிறார், ‘ஜஸ்ட்’ என்கிறார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே ‘சும்மா தோராயமாகச் சொல்லும்மா’ என்பது பிடிபட்டுவிடும். ‘2,000லிருந்து 2,300 ரிங்கிட் வரை’ என்று சொல்லியிருந்தால் போதும்.

அப்படியும் புரியவில்லையா? ‘சாரி, வாட் டு யூ மீன் பை தட்?’ என்று கேட்டுவிடுங்கள். புரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் நம்மவர்களிடம் உள்ள பெரிய வியாதி.

படி 2: எங்கே பிறந்தது என்று பாருங்கள்

பொருளை மட்டும் படித்தால் மறந்துபோகும். பிறந்த இடம் தெரிந்தால் நிற்கும். ஆங்கிலேயர்கள் கடலோடிகள், குதிரைப் பந்தயப் பிரியர்கள், சீட்டாட்டக்காரர்கள். அவர்களுடைய மரபுத்தொடர்களில் பல இந்த மூன்று இடங்களிலிருந்து வந்தவைதான்.

கடலை முதலில் எடுத்துக்கொள்வோம். பாய்மரக் கப்பலில் எங்கு பார்த்தாலும் கயிறு. எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று தெரியாதவன் கப்பலுக்குப் பாரம். அதனால் புது ஆள் முதலில் கயிறுகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுதான் ‘லேர்ன் தி ரோப்ஸ்’. இன்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் வேலையின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொள்வதை இப்படிச் சொல்வார்கள். ‘ஷோ ஹிம் தி ரோப்ஸ்’ என்று உங்களிடம் சொன்னால், புதுப் பையனுக்கு வேலை கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். ‘ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்’ என்றால் எல்லாரும் வந்து கை கொடுக்க வேண்டிய நெருக்கடி. ‘இன் தி சேம் போட்’ என்றால் எனக்கும் உனக்கும் ஒரே கதிதான். ‘பிளெயின் செய்லிங்’ என்றால் தடங்கல் இல்லாமல் போகிற காரியம்.

கடற்சொல் நமக்கொன்றும் புதிதல்ல. வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லும்போது ‘கோஸ்தான் பண்ணு’ என்கிறோமே, அது ‘கோ அஸ்டர்ன்’ என்ற கப்பல் கட்டளையிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். மலேசியாவில் அது சாலைக்கு வந்துவிட்டது.

கடற்படையிலேயே இன்னொன்று. 1801இல் கோப்பன்ஹேகன் போரில் பின்வாங்கச் சொல்லி மேலதிகாரியின் கப்பலில் கொடி ஏறியது. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கண்ணில் தொலைநோக்கியை வைத்து ‘எனக்கு எந்தக் கொடியும் தெரியவில்லையே’ என்று சொல்லிவிட்டுப் போரைத் தொடர்ந்தார் என்பார்கள். ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்ற தொடரோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை இது. தமிழில் ‘கண்டும் காணாமல் இருப்பது’.

குதிரைப் பந்தயத்துக்கு நாம் தூரம் போக வேண்டாம், ஈப்போவில் பேராக் டர்ஃப் கிளப் இருக்கிறது. முடிவுக்கோடு நெருங்கும்போது வெகுதூரம் முன்னால் இருக்கும் சவாரிக்காரர் கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, கையைத் தாழ்த்திவிடலாம். அதிலிருந்து ‘வின் ஹேண்ட்ஸ் டவுன்’, அதாவது அலட்டிக்கொள்ளாமல் ஜெயிப்பது. ‘நெக் அண்ட் நெக்’ என்றால் கழுத்துக்குக் கழுத்து, இருவரும் சமமாக ஓடுவது. தேர்தல் செய்தியில் நிறைய வரும். யாரும் எதிர்பாராத ஆள் ஜெயித்தால் ‘டார்க் ஹார்ஸ்’. நேரடியாகச் சம்பந்தப்பட்டவர் வாயிலிருந்தே கேட்ட செய்தி ‘ஃப்ரம் தி ஹார்சஸ் மவுத்’.

சீட்டாட்டத்திலிருந்து வந்ததில் நம் ஊருக்கு அச்சாகப் பொருந்துவது ‘பாஸ் தி பக்’. போக்கர் ஆட்டத்தில் சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்ட ஒரு பொருளை முன்னால் வைப்பார்கள், அதன் பெயர் பக். வேண்டாம் என்றால் அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகினால் என்ன நடக்கும்? மண்டோரைக் கேட்டால் கிராணியைக் கேள் என்பார். கிராணி மேனேஜரைக் கை காட்டுவார். மேனேஜர் ‘கோலாலம்பூரிலிருந்து உத்தரவு வரணும்’ என்பார். மழை மட்டும் யாரையும் கேட்காமல் உள்ளே வந்துவிடும். இதுதான் பாஸ் தி பக். அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் மேசைமேல் ‘தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ என்று பலகை வைத்திருந்தார். தள்ளிவிடும் வேலை என்னோடு முடிகிறது, பொறுப்பு என்னுடையது என்று அர்த்தம்.

நாடக மேடையிலிருந்து வந்த ஒன்றை விட மனமில்லை. 1709இல் ஜான் டென்னிஸ் என்பவர் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் தன் நாடகத்துக்காக இடி முழக்கத்துக்குப் புது உத்தி ஒன்றைச் செய்தார். நாடகம் ஓடவில்லை, நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் அதே அரங்கில் வேறொரு நாடகம் பார்க்கப் போனவருக்கு அதே இடி கேட்டது. என் நாடகத்தை ஓடவிடமாட்டார்கள், ஆனால் என் இடியை மட்டும் திருடுவார்கள் என்று அவர் கொதித்தாராம். அடுத்தவர் உழைப்புக்கோ அறிவிப்புக்கோ வரவேண்டிய பெயரை நாம் தட்டிச் செல்வது ‘ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர்’. தங்கையின் நிச்சயதார்த்தத்தில் அண்ணன் எழுந்து தன் பதவி உயர்வை அறிவித்தால் இதைச் சொல்லலாம்.

நம் வட்டாரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவையும் உண்டு. ‘ரன் அமோக்’ என்பதில் உள்ள அமோக் மலாய்ச் சொல். வெறிபிடித்துக் கண்ணில் பட்டதையெல்லாம் நாசம் செய்வது. ‘வைட் எலிஃபண்ட்’ சயாம் கதையிலிருந்து. அங்கே வெள்ளை யானை புனிதமானது. வேலை வாங்க முடியாது, தீனி போட்டே ஆக வேண்டும். பராமரிக்கச் செலவாகி, பயன் எதுவும் தராத கட்டடத்தையோ திட்டத்தையோ இப்படிச் சொல்வார்கள்.

ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வரும் பிறப்புக் கதைகளை அப்படியே நம்பாதீர்கள். பழைய இங்கிலாந்தில் கூரை வேய்ந்த வீடுகளில் நாயும் பூனையும் மேலே படுத்திருக்கும், மழையில் வழுக்கி விழும், அதனால்தான் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று ஒரு கதை பல வருடங்களாகச் சுற்றுகிறது. ஆதாரமற்ற கட்டுக்கதை. தொடர் 17ஆம் நூற்றாண்டுப் பழசு, ஏன் நாயும் பூனையும் என்பதற்கு ஆய்வாளர்களிடம் உறுதியான விடை இல்லை.

படி 3: மூன்று மொழிகளையும் பக்கத்தில் வையுங்கள்

லண்டனில் படிக்கும் பிள்ளைக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. தமிழ் மரபுத்தொடரும் மலாய் சிம்புலான் பஹாசாவும் ஏற்கெனவே தலைக்குள் இருக்கின்றன. ஆங்கிலத் தொடர் ஒன்று கிடைத்தால் இரண்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில அச்சடித்த மாதிரி ஒத்துப்போகும். ‘குரோக்கடைல் டியர்ஸ்’ நமக்கு முதலைக் கண்ணீர், மலாயில் ஆயர் மாத்தா புவாயா. ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்’ நம்முடைய கை கழுவிவிடுதல். ‘லிவ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத்’ நமக்குக் கைக்கும் வாய்க்குமான பிழைப்பு. இவற்றைத் தனியாகப் படிக்கவே தேவையில்லை.

சிலவற்றில் கருத்து ஒன்று, காட்சி வேறு. ஆங்கிலேயன் ஒரே கல்லில் இரண்டு பறவையை அடிக்கிறான், ‘கில் டூ பர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்’. நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். மலாய்க்காரர் முக்குளிக்கும்போதே தண்ணீரும் குடித்துக்கொள்கிறார், சம்பில் மெனியெலாம் மினும் ஆயர். ‘லிவ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத்’ நமக்குக் கைக்கும் வாய்க்குமான பிழைப்பு. ‘பீட் அரவுண்ட் தி புஷ்’ சுற்றி வளைத்துப் பேசுதல். ‘டைட்டன் யுவர் பெல்ட்’ என்று அவர்கள் இடுப்புவாரை இறுக்கினால், நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமிக்கிறோம்.

ஆபத்து மூன்றாவது வகையில்தான். சொல் ஒரே மாதிரி இருக்கும், பொருள் காலை வாரிவிடும். காலிலேயே தொடங்குவோம்: ‘புல் சம்ஒன்ஸ் லெக்’ என்றால் கேலிக்காகப் பொய் சொல்லி விளையாடுவது. ‘ஆர் யூ புல்லிங் மை லெக்?’ என்று கேட்டால் ‘என்ன, கலாய்க்கிறியா?’ என்று பொருள். நம்முடைய காலை வாருதல் நம்பிக்கைத் துரோகம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்தது இன்னும் மோசம். மலாயில் கோயாங் காக்கி என்றால் வேலை செய்யாமல் சுகமாக உட்கார்ந்திருப்பது. அதையே ஆங்கிலமாக்கி ‘ஹி இஸ் ஷேக்கிங் லெக்’ என்று மலேசியாவில் சகலரும் பேசுகிறோம். வெளிநாட்டவரிடம் இது எடுபடாது. அவர்கள் ஆங்கிலத்தில் ‘ஷேக் எ லெக்’ என்றால் ‘சீக்கிரம் கிளம்பு, ஆகட்டும்!’. நேர் எதிர். வெள்ளைக்கார மேலாளர் ‘ஷேக் எ லெக்!’ என்று சொன்னதற்கு நீங்கள் உட்கார்ந்து காலாட்டினால் வேலை போய்விடும்.

கையும் அப்படித்தான். பொருள்களைச் சுருட்டுகிறவனுக்குத் தமிழில் கை நீளம், மலாயிலும் பாஞ்சாங் தாங்ஙான், அதே நீளக் கை. ஆங்கிலத்தில் அவன் ‘லைட்-ஃபிங்கர்ட்’, விரல் லேசானவன். மலாயில் ரிங்கான் தாங்ஙான், லேசான கை, என்றால் ஓடியாடி உதவி செய்கிறவன். ஒரு மொழியில் பாராட்டு, இன்னொன்றில் திருட்டுப் பட்டம். தலைக்கு வந்தால், ‘பிக்-ஹெடட்’ நம் தலைக்கனத்தோடு ஒத்துப்போகிறது, மலாய் பெசார் கெப்பாலா அடங்காப்பிடாரியைக் குறிக்கிறது. ஐஸ் வைப்பது நமக்கு முகஸ்துதி. ‘பிரேக் தி ஐஸ்’ அறிமுகமில்லாதவர்களிடையே இறுக்கத்தைத் தளர்த்தும் முதல் பேச்சு. ‘புட் இட் ஆன் ஐஸ்’ விஷயத்தைத் தள்ளிப்போடுவது.

இந்த மூன்றாம் வகைக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, சிவப்பு மையில் எழுதுங்கள்.

படி 4: உருவத்தை மாற்றாதீர்கள்

மரபுத்தொடரில் ஒரு சொல்லைத் தூக்கிவிட்டு அதே பொருளுள்ள இன்னொன்றை வைக்க முடியாது. ‘கம்பி நீட்டினான்’ என்பதை ‘இரும்புக் கம்பியை நீளமாக்கினான்’ என்றால் சிரிப்பார்களே, அதே கதைதான். ‘கிக் தி பக்கெட்’டில் பக்கெட்டுக்குப் பதில், அதே வாளியைக் குறிக்கும் பெய்ல் வராது. இரவு வெகுநேரம் கண்விழித்து உழைப்பதைச் சொல்லும் ‘பர்ன் தி மிட்நைட் ஆயில்’ என்பதில் ‘தி’ விழுந்தால் உறுத்தும். மிகச் சுலபமான வேலையைச் சொல்லும் ‘எ பீஸ் ஆஃப் கேக்’ என்பதில் ‘எ’ இருந்தே ஆக வேண்டும்.

மாறக்கூடியவை இரண்டுதான்: காலமும் ஆளும். ‘பைட் தி புல்லட்’, அதாவது கஷ்டமான ஒன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது, நேற்று நடந்திருந்தால் ‘பிட் தி புல்லட்’. ‘புல்லிங் மை லெக்’ அவளுடைய காலானால் ‘ஹர் லெக்’. அதற்குமேல் கை வைக்காதீர்கள்.

படி 5: எடை போடுங்கள்

ஒரு தொடரை யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பதுதான் அதன் எடை. பட்டியல் புத்தகங்கள் சொல்லாத விஷயம் இது. என் வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான்.

‘கிக் தி பக்கெட்’ என்றால் இறந்துபோதல் என்று புத்தகத்தில் இருக்கும். சரிதான். ஆனால் தமிழில் ‘மண்டையைப் போட்டான்’ என்பதற்கும் பொருள் அதுதானே? தமிழ் நாளிதழின் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் ‘எங்கள் தந்தையார் மண்டையைப் போட்டார்’ என்று யாராவது போடுவார்களா? சக ஊழியரின் தாய் இறந்ததற்கு ‘ஐ ஹேர்ட் யுவர் மதர் கிக்ட் தி பக்கெட்’ என்று எழுதினால் அந்த விளம்பரம் போட்ட மாதிரிதான். அங்கே ‘பாஸ்ட் அவே’ மட்டும். காலமானார் என்பதன் எடை அதற்கு உண்டு.

மேலாளரிடம் ‘ஹோல்ட் யுவர் ஹார்சஸ்’ என்று சொல்வது ‘யோவ், கொஞ்சம் பொறு’ என்கிற மாதிரி. நண்பனிடம் சொல்லலாம். ‘பாஸ் தி பக்’ யாரிடம் சொன்னாலும் குற்றச்சாட்டு. ‘கட் கார்னர்ஸ்’ என்றால் செலவையோ நேரத்தையோ மிச்சம் பிடிக்க வேலையை அரைகுறையாகச் செய்வது. கெட்டிக்காரத்தனமான குறுக்குவழி என்று நினைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வில் ‘ஐ நோ ஹவ் டு கட் கார்னர்ஸ்’ என்று பெருமையடித்தால் கதவு திறந்தே இருக்கிறது, போய் வாருங்கள் என்பார்கள்.

மேடையேறப் போகிறவரை ஆங்கிலத்தில் ‘பிரேக் எ லெக்’ என்று வாழ்த்துவார்கள். நாடகக்காரர்களின் வழக்கம், நல்லபடி நடக்கட்டும் என்று பொருள். பள்ளிப் பேச்சுப் போட்டிக்குக் கிளம்பும் பேரனிடம் யாரோ இதைச் சொல்ல, பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. ‘போற பிள்ளையப் பாத்து கால் ஒடியட்டும்னா சொன்னே? வாயில வெளக்கமாறு!’ பாட்டி பக்கம்தான் நியாயம்.

வயதும் பாருங்கள். நாயும் பூனையுமாக மழை பெய்வது இன்றைக்கு ஆங்கிலேயர் பேச்சில் அபூர்வம். ‘இட்ஸ் போரிங்’ (pouring) என்பார்கள், கொட்டுகிறது என்று. நம் பிள்ளைகளின் கட்டுரையிலோ வாராவாரம் அந்த நாயும் பூனையும் விழுந்துகொண்டே இருக்கின்றன.

படி 6: நோட்டில் எழுதும் முறை

ஒரு தொடருக்கு அரைப் பக்கம். மேலே தொடர். அதன் கீழ் நீங்கள் எங்கே, யார் வாயிலிருந்து கேட்டீர்கள் என்று ஒரு வரி. தொடர், கேட்ட இடம், பிறகுதான் பொருள். அடுத்து, நம் ஊர் விஷயத்தை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம். ‘லேர்ன் தி ரோப்ஸ்’ என்றால் இப்படி: ‘இட் டுக் மீ த்ரீ வீக்ஸ் டு லேர்ன் தி ரோப்ஸ் அட் தி பாம் ஆயில் மில்.’ செம்பனை ஆலையில் வேலை பழக மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் எடை: யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது.

வாரத்துக்கு மூன்றுக்குமேல் வேண்டாம். கேட்காத தொடரை எழுதவே வேண்டாம். கேட்க இடமில்லை என்பவர்களுக்கு வானொலியின் ஆங்கிலச் செய்தி, கால்பந்து வர்ணனை இரண்டும் போதும். வர்ணனையாளர்கள் மூச்சுக்கு மூச்சு மரபுத்தொடர் விடுவார்கள், ஆட்டம் கண்முன்னால் நடப்பதால் பொருளும் தானாக விளங்கும்.

படி 7: தேர்விலும் நேர்முகத்திலும்

எஸ்.பி.எம். ஆங்கிலம் 2021 முதல் சி.இ.எஃப்.ஆர். என்ற ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலோடு இணைந்த புது வடிவில் நடக்கிறது. எழுத்துத் தாளில் சொல்ல வந்தது தெளிவாகப் போய்ச் சேர்ந்ததா என்பது முக்கியம். பத்தி பத்தியாக மரபுத்தொடர் தூவுவதால் மதிப்பெண் கூடும் என்பது பழைய டியூஷன் நம்பிக்கை. கட்டுரைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதுவும் இடத்துக்குப் பொருந்தினால். முறையான கடிதத்திலும் அறிக்கையிலும் தவிர்ப்பது நல்லது. பேச்சுத் தேர்வில் இயல்பாக வந்தால் வரட்டும், இழுத்து வராதீர்கள்.

வேலையிடத்தில் தொடங்க எனக்குப் பிடித்த பத்தைச் சொல்கிறேன். எல்லாம் எடை குறைந்தவை, யாரிடமும் சொல்லலாம். ‘கால் இட் எ டே’, ‘லேர்ன் தி ரோப்ஸ்’, ‘பால்பார்க் ஃபிகர்’, ‘இன் தி சேம் போட்’ இந்த நான்கையும் மேலே பார்த்துவிட்டோம். உடம்பு சுமாராக இருந்தால் ‘அண்டர் தி வெதர்’. கடும் வியாதிக்கு இதைச் சொல்லக்கூடாது, சளி காய்ச்சலுக்குச் சரி. எப்போதாவது ஒருமுறை நடப்பதற்கு ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’. தகவலை எனக்கும் தெரியப்படுத்திக்கொண்டிருங்கள் என்பதற்கு ‘கீப் மீ இன் தி லூப்’. போட்ட திட்டம் பலிக்காமல் முதலிலிருந்து தொடங்க வேண்டியதானால் ‘பேக் டு ஸ்கொயர் ஒன்’. மிகச் சரியாகச் சொன்னீர்கள் என்பதற்கு ‘யூ ஹிட் தி நெயில் ஆன் தி ஹெட்’. என் பங்கை முடித்துவிட்டேன், இனி முடிவெடுக்க வேண்டியது நீங்கள் என்பதற்கு ‘தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்’. இந்தக் கடைசித் தொடரை முதலாளியிடம் மட்டும் கொஞ்சம் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்.